திருடர்கள் விட்டுப்போன செம்மரம்: ஒரு தோட்டத்தின் பதினேழு ஆண்டுகள்

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே சமவெளியில் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டதால் எழுதுகிறேன். பெயர், ஊர், புல எண் எதுவும் இங்கே வராது. நான் வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வுபெற்றவன். செம்மரம் வைத்திருக்கும் விவசாயிகள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப வெட்டலாம்?" இந்தக் குடும்பமும் அதைக் கேட்கத்தான் நினைத்திருந்தது. அதற்குள் திருடர்கள் வந்துபோய்விட்டார்கள்.

பின்னணி: மரம், அதன் இடம்

செம்மரம், செஞ்சந்தனம், இரத்தசந்தனம், தெலுங்கில் எர்ரசந்தனம் எல்லாம் ஒரே மரம்தான். தாவரவியலில் டெரோகார்பஸ் சான்டலினஸ். பெயரில் சந்தனம் இருந்தாலும் சந்தனத்துக்கும் இதற்கும் உறவில்லை. வாசனையும் கிடையாது. வேங்கைக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். கொலுவில் வைக்கும் மரப்பாச்சி பொம்மையின் செந்நிறம் இந்த மரத்துடையது. பிள்ளைகளுக்கு வீக்கம் கண்டால் பாட்டிமார் அந்தப் பொம்மையையே கல்லில் உரைத்துப் பூசியதும் இதனால்தான்.

உலகத்தில் இது தானாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா, நல்லமலையின் தென்கோடி. ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்து மலைகள்தான் பெரும்பங்கு. எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுக்குள் கொஞ்சம் சிதறிக் கிடக்கிறது. அங்கே மண் என்று சொல்ல அதிகம் இல்லை. குவார்ட்சைட் என்னும் மிகக் கெட்டியான பாறை, அதன் உடைசல், சரளை, செங்குத்தான சரிவு. கோடையில் பாறை அனலாய்க் கொதிக்கும். இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும். பெய்த நீர் ஒரு மணி நேரம்கூட நிற்காமல் இறங்கிவிடும்.

இந்தச் சின்ன வட்டத்துக்குள் நிற்கும் மரத்துக்குச் சீனத்திலும் ஜப்பானிலும் பெருங்கிராக்கி. அரச மரபு நாற்காலி மேசைகளுக்கும் ஷாமிசென் போன்ற இசைக் கருவிகளுக்கும் போகிறது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் கணக்கில் அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

ஒரு வார்த்தையை இங்கேயே விளக்கிவிட வேண்டும், பின்னால் எல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது. செம்மரத்தில் விலை போவது மரம் அல்ல, சேகு. மரத்தின் நடுவில் இறுகி, சாயம் ஏறி, கருஞ்சிவப்பாக நிற்கும் வைரப்பகுதி. நன்கு முற்றிய சேகைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதைச் சுற்றி இருக்கும் வெள்ளை வெறும் விறகு.

2003 முதல் 2020 வரை

அந்தக் குடும்பத்தின் தலைவர், இங்கே பெரியவர் என்கிறேன், அவருக்கு 2003இல் நாற்பத்தைந்து வயது. கரும்பு போட்டு ஆலைப் பணத்துக்கு அலைந்து சலித்துப்போயிருந்தார். ஒரு தனியார் நாற்றுப்பண்ணையின் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. இருபது வருடத்தில் மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் என்று அதில் போட்டிருந்தது. அந்தத் தாளை அவர் இன்னும் வைத்திருக்கிறார், எனக்குக் காட்டினார். எந்த மண்ணில், எந்த நீரில், சேகு எவ்வளவு இருந்தால் என்று ஒரு வரி இல்லை. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு "திருப்பதி விதை" என்றார்களாம். அதற்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது.

2003 அக்டோபரில் 640 கன்று வாங்கினார். கிணற்றை ஒட்டிய இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்தில் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி விட்டு 600 நட்டார். ஆழமான செம்மண் கலந்த வண்டல், அந்த ஊரிலேயே நல்ல நிலம். மிஞ்சிய நாற்பது கன்றைத் தூக்கிப்போட மனமில்லாமல், வடமேற்கு மூலையில் ஆடு மேயும் கரட்டில், கடப்பாறையால் குழி போட்டுச் செருகினார். கரடு என்றால் சரளையும் பாறையும். ஒரு சாண் ஆழத்துக்குமேல் மண் கிடையாது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவர் தண்ணீர் கொண்டுபோகவில்லை.

இரண்டு ஏக்கருக்கு எல்லா உபசாரமும் நடந்தது. முதல் மூன்று வருடம் ஊடே நிலக்கடலை, பிறகு சொட்டுநீர், வருடத்துக்கு இரண்டு முறை தொழு உரம், இடையில் யூரியாவும். அவரை, துவரையைப் போலவே வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் குடும்பம் இது; யூரியா வீண் செலவு என்று யாரும் சொல்லவில்லை. 2005 வடகிழக்குப் பருவமழையில் தெற்கு மூலையில் ஒரு மாதம் ஈரம் வடியாமல் நின்றது. அங்கே மட்டும் சுமார் எழுபது கன்று இலை மஞ்சளாகிச் செத்தது. செம்மரத்துக்கு ஒத்துக்கொள்ளாதது நீர்த்தேக்கம் என்று அந்த மூலை அன்றைக்கே சொல்லியிருக்கிறது. பெரியவர் அதைப் பூச்சி என்று எடுத்துக்கொண்டு மருந்தடித்தார்.

மற்றதெல்லாம் தளதளவென்று எழுந்தது. ஏழாம் வருடத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "கோடீஸ்வரன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதிவைக்கும் கணக்கான அடங்கலில் அந்த நிலம் 2020 வரை கரும்பு என்றே இருந்தது. முதலில் அக்கறையில்லாமல். பிறகு பயத்தால். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தலைத் தடுக்கும் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அதற்கப்புறம் செம்மரம் என்ற சொல்லையே ஜனங்கள் குரல் தாழ்த்திச் சொன்னார்கள். பட்டா நிலத்தில் வளர்ப்பது குற்றமல்ல என்று பெரியவருக்குத் தெரியும். தெரிந்தும், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் "என்னிடம் செம்மரம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை. சுற்றி நொச்சி வேலி வைத்து மறைத்தார்.

2021 பிப்ரவரி: திருட்டு

மகளுக்கு 2022 தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். எட்டு லட்சம் தேவை. ஜனவரியில் ஒரு தரகர் வந்தார். இரண்டு ஏக்கருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம், ரொக்கம், வெட்டுவது ஏற்றுவது எல்லாம் எங்கள் பொறுப்பு, நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம் என்றார். கூட வந்த ஆள் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தான். பெரியவர் யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கிணற்றுமேட்டுப் பக்கம் மூன்று மரம் கீழே கிடந்தது. கை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். தரகருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கடைசிவரை தெரியவில்லை. சந்தேகம் சந்தேகமாகவே நின்றது.

மகன்தான் எனக்குப் போன் செய்தார். திருட்டைவிட இன்னொன்றுதான் அவரைக் குழப்பியிருந்தது. "சார், மூணையும் அறுத்துட்டு எதையும் எடுத்துட்டுப் போகல. அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்க. நாய் குலைச்சு ஓடினாங்கன்னு அப்பா சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல."

பார்த்தவை

மறுநாள் போனேன். நாய் காரணமில்லை என்பது அடிக்கட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. மூன்றில் பெரியதின் வெட்டுமுகம் இருபது சென்டிமீட்டர் குறுக்களவு. நடுவில் சிவப்பு ஐந்து சென்டிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம் அளவு. அதுவும் வெளிர் சிவப்பு. சுற்றிலும் வெள்ளை. மற்ற இரண்டில் இன்னும் குறைவு. கணக்குப் போட்டால் வெட்டுமுகத்தின் பரப்பில் சேகு பதினாறில் ஒரு பங்கு. ஒன்றை அறுத்துப் பார்த்து, நம்பாமல் இரண்டாவது, மூன்றாவது என்று அறுத்திருக்கிறார்கள். சுமக்கிற கூலிக்குத் தேறாது என்று போய்விட்டார்கள்.

பெரியவர் அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பதினேழு வருசம், பாரஸ்டர் சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தோட்டத்தில் 505 மரம் நின்றது. மார்பளவில் சுற்றளவு எடுத்தோம்; பெரும்பாலானவை 50 முதல் 60 சென்டிமீட்டர். இந்த வயதுக்கு நல்ல பருமன்தான். பட்டைதான் எனக்கு இடித்தது. காட்டில் முற்றிய செம்மரத்தின் பட்டை கருத்து, முதலைத் தோல் மாதிரி சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். இங்கே இளம் பழுப்பாக, ஆழமில்லாத கீறலாக இருந்தது. பிப்ரவரியில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்க வேண்டிய மரம் பாதிக்குமேல் இலையோடு நின்றது. சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டுக்கொட்டகை. கயிறு கட்டும் முளை ஒன்று கண்ணில் பட்டது. கறுத்துப்போன கட்டை, தலைப்பக்கம் ஆடு உரசி உரசி மழுங்கி, அங்கே மட்டும் ரத்தச் சிவப்பு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரியவரின் தம்பி சொன்னார், "அது கரட்டுல நின்ன குச்சிங்க. ரெண்டு வருசம் முன்ன முளைக்கு ஆகும்னு வெட்டினேன்."

சாப்பாட்டைத் தள்ளிவைத்துக் கரட்டுக்குப் போனோம். நாற்பதில் இருபத்தாறு உயிரோடு இருந்தது. தோட்டத்து மரத்தின் பாதிப் பருமன்கூடப் பலதில் இல்லை. கோணல், ஆடு கடித்த வடு. இலை ஒன்று இல்லை. பட்டை முதலைத் தோல். தம்பி வெட்டிய அடிக்கட்டை பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு, அதில் சேகு ஆறரை. வெட்டுமுகத்தில் கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு. அதே நாளில் வந்த அதே கன்று, இருநூறு அடி தள்ளி.

இதற்கு விளக்கம் புதிதல்ல. மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளை வழியாகத்தான் நீர் மேலே ஏறுகிறது. உள்ளே வேலை முடிந்த அடுக்குகளை மரம் மூடி, அதில் சாயப் பொருளையும் பிசினையும் இறக்கிச் சேகாக்குகிறது. தண்ணீர் தாராளமாக இருந்து, பெரிய தழைப்பரப்பு இருந்தால் அதற்கு ஊட்ட நிறைய வெள்ளை தேவை, சேகாக்க அவசரமில்லை. வறண்ட சரிவில் தழை சிறியது, வளர்ச்சி மெதுவானது, சேகு உள்ளே சீக்கிரம் தொடங்கும். விதையின் வழியிலும் வேறுபாடு உண்டு, வயதும் முக்கியம். ஆனால் ஒரே கன்றுக் கட்டில் இவ்வளவு வித்தியாசத்துக்கு மண்ணையும் நீரையும் விட்டால் எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது. குடும்பத்தில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். அடங்கலில் கரும்பு, தரையில் மூன்று செம்மரம். நாமே போய் மாட்டிக்கொள்வதா? அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அறுத்த கட்டையை ரகசியமாக வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. நாளைக்கு யாராவது சொல்லி யாராவது வந்தால், திருடனும் நீங்கள்தான். அன்று மாலையே காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தோம். ஆட்டுமுளையையும் மறைக்காமல் எழுதினோம். கட்டைகளை வனத்துறை எடுத்துப்போய்ப் பாதுகாப்பில் வைத்தது. பட்டா, சிட்டா, நாற்று வாங்கிய 2003ஆம் ஆண்டு ரசீது ஆகியவற்றின் நகலைக் கொடுத்தோம். அந்த ரசீதைப் பெரியவரின் மனைவி சர்க்கரை டப்பாவில் வைத்திருந்தார். பின்னால் எல்லா இடத்திலும் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

இரண்டாவது, விற்பதில்லை. தரகரின் பன்னிரண்டு லட்சம் மரத்துக்கு உண்டான விலையா, அனுமதியில்லாமல் ஓட்டிப்போவதற்கான விலையா என்று மகனிடம் கேட்டேன். அனுமதிச்சீட்டு யார் பெயரில் எடுப்பார்கள் என்று தரகரிடம் மகன் போனில் கேட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. கல்யாணத்துக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடனும், இரண்டு மாடு விற்ற பணமும், மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் இறங்கி வந்ததுமாகச் சமாளித்தார்கள். இது சுலபமாக நடக்கவில்லை. "மரம் இருக்குது, மாட்டை விக்கறீங்க" என்று மகள் அழுததை மகன் பிறகு சொன்னார்.

மூன்றாவது, தண்ணீரையும் உரத்தையும் நிறுத்துவது. இதில் பெரியவருக்கும் எனக்கும் வாக்குவாதம். பதினேழு வருடம் பிள்ளை மாதிரி ஊட்டியதை ஒரே நாளில் பட்டினி போடச் சொல்கிறீர்களே என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது: சொட்டுநீருக்குப் பழகிய வேர் மேலோட்டமாகவே இருக்கும், கோடையில் திடீரென்று நிறுத்தினால் மரம் தாங்காது. அதனால் 2021 பருவமழைக்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, 2022 கோடையில் முழுவதுமாக நிறுத்துவது என்று முடிவானது.

நான்காவது, அடங்கலில் மரத்தைப் பதிவு செய்வது. அதன்பின் நெருக்கமாக நின்று நசுங்கிய மரங்களை அனுமதி பெற்றுக் கலைப்பது.

அறுபட்ட மூன்று அடிக்கட்டைகளையும் பெயர்க்க வேண்டாம் என்றேன். செம்மரம் வெட்டிய இடத்திலிருந்து நன்றாகவே தளிர்க்கும்.

2022 மார்ச்: படிக்கட்டில்

தண்ணீரை நிறுத்தும் விஷயத்தில் பெரியவர் மனது ஆறவில்லை என்று மகன் சொன்னதால், கல்யாணம் முடிந்த கையோடு திருமலைக்கு வேண்டுதல் இருக்கிறது என்று அவர்கள் கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். அலிபிரியிலிருந்து நடந்தோம். படியை ஒட்டிய சரிவைக் காட்டினேன். மார்ச் மாதம், ஒரு இலை இல்லாமல் கறுத்த மரங்கள் பாறை இடுக்கில் நின்றன. சிலதில் போன வருடத்து நெற்று, நடுவில் தடித்து ஓரத்தில் சிறகு வைத்து, சின்ன அப்பளம் மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு யார் தண்ணி விட்டாங்க?" என்றார். பிறகு மலை ஏறி முடிக்கும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

இறங்கும்போது மலைப்பாதையில் பாறையின் அடுக்கு மாறும் இடம் தெரிந்தது. கீழே கிரானைட், மேலே படுக்கை படுக்கையாகக் குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவில் பல பத்துக் கோடி ஆண்டு இடைவெளி. நாட்டின் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மேலே இருக்கும் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவும் இதே குவார்ட்சைட்தான். செம்மரம் தனியாகவும் இங்கே நிற்கவில்லை. தம்புகா மரம், வெள்ளைக் கடுக்காய் இனம் ஒன்று, பெடோமி ஈந்து என்னும் சைகஸ் இனம் என்று இந்த மலைகளைத் தாண்டிப் போகாத இன்னும் சில இதோடு இதே பாறையில் இருக்கின்றன. இந்தப் பாறையும் வெயிலும் வடிகாலும் சேர்ந்த ஒரு கூட்டம் இது. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கிக் கரும்பு மண்ணில் நட்டால் வளரும், ஆனால் நாம் எதற்காக நட்டோமோ அதைத் தராது.

இந்தப் பயணம் ஆய்வுக்குத் தேவையா என்று கேட்டால், முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஆனால் ஊருக்குத் திரும்பிய மறுநாள் கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டத்துக் குழாயைப் பெரியவரே கழற்றினார்.

தொடர்ந்து நடந்தவை

அடங்கல் பதிவுக்குப் பதினான்கு மாதம் ஆனது. லஞ்சம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் "இதுக்கு முன்ன எங்களுக்கு இப்படி வந்ததில்ல" என்றார்கள். வயது, எண்ணிக்கை, சுற்றளவு போட்டு நாங்களே பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்டில் எண் எழுதிக் கொடுத்தபின் வேகம் எடுத்தது. வனச்சரகத்திலிருந்து வந்து சரிபார்த்தார்கள். திருட்டுப் புகார் ஏற்கெனவே கோப்பில் இருந்தது இங்கே உதவியது. பயந்து மறைத்திருந்தால் இந்தப் பதிவின்போதுதான் மூன்று அடிக்கட்டைக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

தண்ணீரை நிறுத்திய முதல் கோடையில் பதினொரு மரம் நுனி காய்ந்தது. நான்கு முழுவதும் செத்தது. பெரியவர் என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அடுத்த வருடம் இழப்பு இல்லை. 2023 ஜனவரியிலேயே தோட்டம் முக்கால்வாசி இலை உதிர்த்திருந்தது. சேகு கூடியதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மூன்று வருடத்தில் அதைச் சொல்ல முடியாது. சுற்றளவு ஏறுவது மட்டுப்பட்டது, அவ்வளவுதான் அளந்தது.

கலைப்புக்கு அனுமதி வந்து 2023இல் 62 மரம் எடுத்தோம். துறையின் முத்திரை, நடைச்சீட்டு எல்லாம் முறையாக. கம்பாகவும் விறகாகவும் போனது. வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக மிஞ்சியதை மகன் சொன்னபோது சிரித்தார். ஆனால் அந்த 62 அடிக்கட்டைதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல பாடப்புத்தகம். மேட்டுப் பக்கத்து மரத்தில் சேகு சற்றுக் கூடுதல். கிணற்றுப் பக்கம் போகப்போகக் குறைவு. எழுபது கன்று செத்த தெற்கு மூலையை ஒட்டி நின்றவற்றில் பலதில் சிவப்பே இல்லை.

2023 கடைசியில் இன்னொரு தரகர். இந்த முறை கையில் செய்தித்தாள். அந்த நவம்பரில் சைட்டீஸ் நிலைக்குழு, செம்மரத்தைப் பொறுத்தவரை 2004 முதல் இந்தியாவின் மேல் வைத்திருந்த சிறப்பு மறுஆய்வை நீக்கியது உண்மை. பட்டா நிலத்தில் வளர்த்த கட்டையை உரிய சான்றுகளோடு ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2019இலேயே வழி திறந்ததும் உண்மை. "எக்ஸ்போர்ட் திறந்துட்டாங்க, இப்ப விட்டா போச்சு" என்று அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது மட்டும் வியாபாரம். எக்ஸ்போர்ட் ஆவது சேகு. இந்தத் தோட்டத்தில் இன்னும் அது இல்லை. மகன் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்று செய்தால் வேறுவிதமாகச் செய்வது

என் தவறை முதலில் சொல்கிறேன். நிற்கும் மரத்தில் சேகு பார்க்க, 2021இல் எட்டு மரத்தில் தச்சர் துளைக்கும் ஆகர் கொண்டு துளை போட்டுத் தூளின் நிறம் பார்த்தேன். துளையை மெழுகால் அடைத்தேன். ஆனால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் போட்டது அவசரபுத்தி. இரண்டு மரத்தில் கரையான் அதன் வழியாகவே ஏறியது. மெல்லிய மாதிரி எடுக்கும் துளைக்கருவியை வனக் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி, மார்பளவில், நான்கு மரத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடிக்கட்டை மூன்று கண்முன் இருக்கும்போது எட்டுத் துளை எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீரை ஒரு கோடைக்குப் பதில் இரண்டு கோடையாகக் குறைத்திருக்கலாம். அந்த நான்கு மரம் செத்தது என் கணக்கில்தான்.

நடும்போதே செய்ய வேண்டியவை வேறு. செம்மரம் வைக்க விரும்புகிறவர்களிடம் நான் இப்போது நல்ல நிலத்தைக் காட்டாதீர்கள், பயிர் வராத கரட்டைக் காட்டுங்கள் என்கிறேன். முதல் இரண்டு கோடை உயிர்த்தண்ணீர், அதற்குமேல் வேண்டாம். நட்ட வருடமே அடங்கல். நாற்று ரசீது, சர்க்கரை டப்பாவோ இரும்புப் பெட்டியோ, பத்திரமாக இருக்க வேண்டும். இருபது வருடக் கணக்கு சொல்கிறவரிடம் சேகின் குறுக்களவைக் கேளுங்கள். கல்யாணம், படிப்பு என்று தேதி உள்ள செலவுக்கு இந்த மரத்தை நம்பக் கூடாது. அதற்கு மலைவேம்பு, சவுக்கு, தேக்குக்கூடப் பரவாயில்லை.

நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றினாரா என்று மகன் என்னிடம் கேட்டதுண்டு. அவருக்கே தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். மரத்தைப் பார்த்தவர்கள் பலர். அது நிற்கும் பாறையைப் பார்த்தவர்கள் குறைவு.

2024 ஆகஸ்ட்: கடைசியாகப் பார்த்தபோது

மூன்று அடிக்கட்டையும் தளிர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை மட்டும் விட்டுப் பாக்கியை மகன் கழித்திருந்தார். ஆட்டுமுளையைப் பிடுங்கி, எண் எழுதி, வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இப்போது ஆடு கட்டுவது வேப்பங்கட்டையில்.

கரட்டின் கிழக்கே வேலிக்கு அப்பால் பாறைப் புறம்போக்கு. காற்றில் போன நெற்றுகள் அங்கே கல்லிடுக்கில் முளைத்திருந்தன. பதினேழு எண்ணினேன், பெரியது முழங்கால் உயரம். இரண்டு ஏக்கர் தோட்டத்துக்குள் தானாக முளைத்த கன்று ஒன்றுகூட இல்லை. பெரியவர் அந்தப் பதினேழையும் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தார். அடங்கலில் எப்படி எழுதுவது என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டிருக்கிறார். நிலம் அரசாங்கத்துடையது, விதை உங்களுடையது, தாசில்தாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் அவர். நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை. பெரியவர் கையில் அரிவாளோடு இன்னும் கொஞ்சம் முள் வெட்டப் போனார்.